ஆறாவது ஆளின் பக்கம்

என் தம்பி அபூசாலி என்னிடம் கடைசியாகக் கேட்டது உப்பு. "காக்கா, உப்பைச் சுத்தி விடுங்க" என்றான். எங்கள் பக்கம் அண்ணன்தான் காக்கா. கிண்ணத்தை நீட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பாயில் நானும் இருந்தேன்.

1979. நோன்புப் பெருநாள் கழிந்து வந்த சனிக்கிழமை. அவன் மனைவி றம்லாவுக்கு ஏழு மாதம். பிள்ளை பிறப்பதற்குள் ஒரு தரம் கடலோரக் களப்பைத் தோணியில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அவன்தான் எங்களைக் கிளப்பினான். நான், மச்சான் கச்சிமுகம்மது, தம்பியின் கூட்டாளிகள் இருவர். கல்முனையிலிருந்து கோமாரிப் பக்கம் போனோம். தோணிக்காரர் தம்பிமுத்து முதலைகள் வெயில் காயும் பாறையைக் காட்டினார். களப்பு கடலில் விழும் முகத்துவாரத்தைக் காட்டினார். புளியமரத்தடிச் சியாரத்தில், ஒரு பெரியவரின் அடக்கத்தலத்தில், இறங்கி பாத்திஹா ஓதினோம். கடைசியாகப் பழைய துறைமுகம். ஒல்லாந்தர் கட்டியது என்பார்கள். மிச்சம் இருந்தது ஒரு கல் மேடையும், தண்ணீருக்குள் இறங்கும் ஏழு படிகளும்தான்.

மேடையில் பாய் விரித்து, றம்லா ஆக்கித் தந்த நெய்ச்சோற்றைப் பித்தளைச் சஹனில், பெரிய வட்டத் தட்டில், கொட்டினோம். எங்களூரில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருப்போம். முதலில் உப்பு தொட்டு, பிறகு சோறு. ஆள் குறைந்தால் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடுவோம். தம்பிமுத்துவைக் கூப்பிட்டோம். சனி விரதம் என்று சொல்லித் தோணியிலேயே இருந்துவிட்டார்.

நேரம் ஒன்று பத்து. படிகளின் பக்கம் ஒருவர் நிற்பதைத் தம்பிதான் கண்டான். சாரன், வெள்ளை பெனியன்.

"வாங்க, ஆறாவது ஆள் நீங்கதான்" என்று கூப்பிட்டான்.

அவர் வந்து இருந்தார். சலாம் சொன்னோம். பதில் இல்லை. மச்சான் என் காதில், "பசியில நாக்கும் எழும்பல்ல போல" என்றான். சிரித்தேன்.

உப்பு சுற்றி வந்தது. அவர் தொடவில்லை.

சாரன் காலோடு ஒட்டியிருந்தது. சொட்டுச் சொட்டாக... பாயில் விழுந்தது. ஒரு மாதமாக மழை இல்லை.

அவர் கை சோற்றில் இருந்தது. சோறு குறையவில்லை. நனைந்தது. அவர் பக்கம் மட்டும்.

ஒன்று இருபத்தைந்து. முதல் முறையாகப் பேசினார்.

"எங்கட சஹன்லயும் ஒராள் குறையுது."

தம்பி பகிடியாகச் சொன்னான்: "அதுக்கென்ன, நான் வாறன்."

"சொல்லிட்டீங்க."

அவ்வளவுதான். எழுந்தார். படிகளில் இறங்கினார். ஒன்று... இரண்டு... ஏழு.

நிற்கவில்லை.

தண்ணீர் அசையவில்லை. நான் மச்சானைப் பார்த்தேன்.

"கை கழுவிட்டு வாறன், காக்கா." தம்பியின் குரல். திரும்பினேன். அவன் நாலாவது படியில் நின்றான்.

முழங்கால் தண்ணீர்.

ளொப்...

ஒரே ஒரு சத்தம்.

படி வெறுமையாக இருந்தது.

தம்பிமுத்து குதித்துத் தேடினார். நாங்களும் தேடினோம். இருட்டும்வரை தேடினோம். அடுத்த நாள் காலை ஆறு இருபதுக்கு முகத்துவாரத்தில் அவன் மையித்து கிடைத்தது. வலது கை இறுக மூடியிருந்தது. நான்தான் விரல்களைப் பிரித்தேன். உள்ளே ஒரு பிடி சோறு. நாங்கள் கொண்டு போனது வெள்ளைச் சம்பா. அவன் கையில் இருந்தது சிவப்பரிசி.

அவனை அடக்கிய பிறகு கபுறடியில் தம்பிமுத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நேற்று ஆரைச் சாப்பிடக் கூப்பிட்டீங்க என்று கேட்டார். தோணியிலிருந்து பார்த்தபோது பாயில் ஐந்து பேர்தான் இருந்தார்களாம். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். போன வருடம் நவம்பரில், சூறாவளிக்கு முதல் நாள், ஒரு கூட்டத்தை அதே மேடையில் இறக்கிவிட்டாராம். இராத் தங்கி மீன்பிடிக்க வந்தவர்கள். சிவப்பரிசிச் சோறும் சஹனும் கொண்டு வந்தார்களாம். திரும்பி ஏற்றிவரப் போக முடியவில்லை. ஐந்து மையித்துகளைப் புளியமரத்தடியில் அடக்கினார்கள்.

"ஆறு பேர் வாறதா இருந்த, தம்பி. ஒராளுக்குக் காய்ச்சல். அவர் மட்டும் வரல்ல."

நாங்கள் கொண்டு போன சஹன் இப்போதும் றம்லா வீட்டில்தான் இருக்கிறது. மகனுக்கு ஒன்பது வயதாகிவிட்டது. அவள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கிறாள். விடிந்து பார்த்தால் விளிம்பில் ஒரு பக்கம், கையகலத்துக்கு, உப்புப் பூத்திருக்கிறது.