பதினேழு ரன் இருக்கும்போது

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே செல்போன் ஆரம்பித்துவிடுகிறது. ‘இந்த நாளில்’ என்று தலைப்புப் போட்டு, அவர் நூறு அடித்தார், இவர் அத்தனை விக்கெட் எடுத்தார் என்று ஒரே கொண்டாட்டம். கிரிக்கெட்டில் விசேஷம் இல்லாத நாளே கிடையாது போலிருக்கிறது. இன்று வந்தது சேப்பாக்கம் டெஸ்ட். முதுகுவலியோடு ஒருவர் நின்று நூறு அடித்து, ஜெயிக்கப் பதினேழு ரன் இருக்கும்போது அவுட்டாகி, கடைசியில் பாகிஸ்தானிடம் நாம் தோற்றோமே, அந்த ஞாயிற்றுக்கிழமை.

படத்தைப் பார்த்ததும் எனக்கு இலவம் பஞ்சு வாசனை வந்துவிட்டது. தும்மலும் வந்தது, பொய்யில்லை.

கிரிக்கெட்டுக்கும் பஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் என் கல்லூரித் தோழன் சலீமின் அத்தா மெத்தைக் கடை வைத்திருந்தார்; மார்க்கெட்டுக்கே அவர் ‘பாய்’. கல்லாவுக்கு மேலே பலகையில் ஒரு டிவி. சுருட்டிய மெத்தைகள் மேல் சாய்ந்துகொண்டு மேட்ச் பார்ப்பதில் உள்ள சுகம் சேப்பாக்கம் கேலரியில் கிடையாது. ஆனால் கடையில் ஒரு சட்டம் இருந்தது. நம் ஆட்கள் நன்றாக ஆட ஆரம்பித்துவிட்டால், யார் எப்படி உட்கார்ந்திருக்கிறார்களோ அப்படியே இருக்க வேண்டும். காலை மாற்றிப் போடக்கூடாது. தலையணை வாங்க வந்த ஒரு அம்மாவை, “இந்த ஜோடி பிரியுற வரைக்கும் எழுந்துக்காதீங்க” என்று பாய் கும்பிட்டு உட்காரவைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த அம்மாவும் உட்கார்ந்தார்.

எனக்கோ அப்போது உட்காரவே வராது. படிப்பை முடித்து வேலை கிடைக்காமல் அலைந்த காலம். குட்டி போட்ட பூனை மாதிரி உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருப்பேன். எழுந்தால் விக்கெட் விழும். டீ குடித்துவிட்டுத் திரும்பினால் இன்னொன்று. பாய் ரொம்ப நாள் பொறுத்தார். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “தம்பி, கோச்சுக்காத. ஒரு ஓவர் மட்டும் வெளில நில்லு.” நின்றேன். அந்த ஓவரிலேயே இரண்டு பவுண்டரி. அவ்வளவுதான், ராசியில்லாதவன் என்று முத்திரை விழுந்துவிட்டது.

சிரித்துக்கொண்டேதான் நின்றேன். ஆனால் வீட்டில் ஒவ்வொரு இண்டர்வியூவுக்குப் பிறகும் அப்பா விட்ட பெருமூச்சும் இதையேதான் சொன்னது. அதனால் உள்ளுக்குள் வலித்தது.

அந்தச் சேப்பாக்கம் மேட்ச் அன்றைக்கும் நான் தெருவில்தான். ஐந்து விக்கெட் போனதும் தானாகவே வெளியே வந்துவிட்டேன். ஸ்டேஷன் மேம்பாலம் வரை நடப்பேன், திரும்புவேன். கடைக்குக் கடை டிவி ஓடியதால் ஒவ்வொரு ரன்னும் காதில் விழுந்தது. பவுண்டரி என்றால் மார்க்கெட்டே கத்தும். ஓரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: “இன்னாபா, உள்ள மேட்ச் ஓடிகினு கீது, நீ இன்னா வெளிய சுத்திகினு கீற?”

“நான் வெளிய நின்னாதான் ஜெயிக்கும்க்கா.”

“அப்ப இங்கயே நில்லு. கடைப்பக்கம் போயிடாத.” அவரும் நம்பினார்.

பதினேழு ரன் இருக்கும்போதுதான் சலீம் வாசலுக்கு வந்தான். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. “மச்சான், உள்ள வாடா. ஜெயிக்கிறத ஒருவாட்டியாச்சும் கண்ணால பாரு. இன்னும் பதினேழு ரன்தானே, இன்னா ஆவப் போவுது?” என்றான்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தேன். பந்து மேலே போயிற்று.

கேட்ச் பிடித்த பிறகு கடையில் யாரும் டிவியைப் பார்க்கவில்லை. அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. பாய் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அப்போது சலீம் சொன்னான்: “அவன இன்னாத்துக்குப் பாக்குறீங்க? கூப்ட்டது நான்.” சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். மிச்ச விக்கெட்டுகள் விழுந்தபோது நாங்கள் இருவரும் மேம்பாலத்தில் நின்றோம். மார்க்கெட் சத்தமில்லாமல் கிடந்தது. அழுகை வந்தது எனக்கு, தோற்றதற்காக அல்ல.

அன்றிலிருந்து அவனுக்கும் கடைக்குள் இடமில்லை. சொந்தக் கடை! அடுத்த வாரமே டெல்லியில் ஒருவரே பத்து விக்கெட்டையும் எடுத்தார். நாங்கள் மேம்பாலப் படியில் வேர்க்கடலை தின்றுகொண்டு கேட்டோம். கல்கத்தாவில் இரண்டு பேர் நாள் முழுக்க அவுட்டாகாமல் ஆடினார்களே, அன்றைக்கு நாங்களும் நாள் முழுக்க நடந்தோம். பாய் சந்தோஷத்தில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தனுப்பினார், “உள்ள மட்டும் வந்துடாதீங்க” என்ற செய்தியோடு. எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டினேன். முக்கியமான மேட்ச் என்றால் மட்டும் பஸ் பிடித்துப் போய் அவனோடு நடப்பேன். ஊர் கண்ணால் பார்த்ததையெல்லாம் நாங்கள் காலால் பார்த்தோம்.

கொரோனா இரண்டாவது அலையில் சலீமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். யாரையும் உள்ளே விடவில்லை. “வெளியே நில்லுங்க சார்” என்றார் காவலாளி. அப்படிச் சொன்னதும் எனக்கு எவ்வளவு தைரியம் வந்தது தெரியுமா? வெளியே நிற்பதுதானே நம் வேலை. கேட்டுக்கும் டீக்கடைக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தேன். ஒரு தடவைகூட உள்ளே போகக் கேட்கவில்லை. அவன் போய்விட்டான்.

இன்று என் மகள் அந்த மேட்ச் வீடியோவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஓடவிட்டாள். “உக்காந்து பாருங்கப்பா.” அந்த ஓவர் வருவதற்குள் நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

“அது எப்பவோ முடிஞ்ச மேட்ச்ப்பா.”

“தெரியும்மா.”

தெருவில் போய் நின்றேன். தாம்பரத்தில் மெத்தைக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மேட்ச் அவரவர் காதுக்குள் ஓடுகிறது. வெளியே நின்றால் ஒன்றும் கேட்பதில்லை. இன்னும் பதினேழு ரன்தானே, இன்னா ஆவப் போவுது என்று உள்ளே கூப்பிட ஆளும் இல்லை.