டீச்சரம்மாவுக்குக் கொடுத்த ஒட்டுக்கன்று

எல்லோரும் அவரை ஒட்டு மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அரை ஏக்கரில் நாற்றுப்பண்ணை. ஒரு பக்கம் மா, கொய்யா, எலுமிச்சை. மறுபக்கம் சாலையோரத்துக்கும் கட்டட வாசலுக்கும் வைக்கிற நிழல் மரங்கள். கைராசிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாய் அதைவிட நீளம். துடைப்பக் குச்சியைக் கொடுத்தாலும் துளிர்க்க வைப்பேன் என்பார். அப்படியானால் வீட்டுத் துடைப்பத்தை ஒளித்துவைக்கிறேன் என்பார் மனைவி.

இப்படி மார்தட்டுகிற மனிதர், டீச்சரம்மா வீடு இருக்கிற தெருவை மட்டும் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவார். பத்து வருடமாக இதே கதைதான்.

டீச்சரம்மாவின் கணவர் எப்போதோ தின்று வீசிய கொட்டையில் முளைத்தது அவர்களுடைய பழைய வீட்டு மாமரம். எந்தக் கடையிலும் கிடைக்காத ருசி. அவர் இறந்தபின் வீட்டை விற்க வேண்டிவந்தது. வாங்கியவர் இடித்துக் கட்டப் போகிறார், மரமும் போய்விடும். கொட்டையை நட்டால் தாயைப் போலவே வராது; குச்சி எடுத்து வேறு கன்றில் ஒட்டினால்தான் அதே மரம். அதற்காகத்தான் டீச்சரம்மா இவரைத் தேடி வந்தார். கவலையை விடுங்கள், மரம் என் பொறுப்பு என்று இவரும் ஜம்பமாகச் சொல்லிவிட்டு, ஒரு காலையில் போய்ப் பன்னிரண்டு குச்சி வெட்டினார்.

வெட்டிய குச்சியை ஈரத்துணியில் சுற்றி, உடனே ஒட்ட வேண்டும். தொழிலில் முதல் பாடம் அது. ஆனால் வழியில் ஹோட்டல்காரர்கள் கூப்பிட்டார்கள். திறப்பு விழா நெருங்குகிறது, நானூறு செடி வைக்க வேண்டும். இவர் வண்டியை அங்கே திருப்பினார். குச்சிகள் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் அரைநாள் கிடந்தன. சாயங்காலம் வந்து பார்த்தபோதே வாடியிருந்தன. இருந்தாலும் ஒட்டினார். நம் கைக்குப் பிடிக்காமல் போகுமா என்ற திமிர், வேறென்ன?

பன்னிரண்டாம் நாள் நகத்தால் கீறிப் பார்த்தார். ஒன்றில்கூடப் பச்சை இல்லை. அன்றைக்கு மரம் நின்றுகொண்டுதான் இருந்தது. வண்டியில் இருபது நிமிடம். போய் இன்னும் நாலு குச்சி வெட்டியிருந்தால் விஷயம் முடிந்தது. ஆனால் அவ்வளவு பீற்றிக்கொண்டபின் எந்த முகத்தோடு போய் நிற்பது? ஹோட்டல் வேலை முடியட்டும், நாளைக்குப் போகலாம் என்று எட்டு நாளை ஓட்டினார். ஒன்பதாம் நாள் போனபோது அடிக்கட்டையும் மரத்தூளும்தான் கிடந்தன.

அப்புறம் செய்ததுதான் பெரிய பாவம். பண்ணையில் இலை ஓரளவு ஒத்துப்போகிற நல்ல ஒட்டுக்கன்று ஒன்றைப் பொறுக்கி, இதுதான் உங்கள் மரம் என்று கொடுத்துவிட்டார். டீச்சரம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு புதுவீடு போய்ச் சேர்ந்தார்.

ஐந்தாம் வருடம் அது காய்த்தது. டீச்சரம்மா பை நிறையப் பழத்தோடு பண்ணைக்கே வந்துவிட்டார்.

"அப்படியே அவர் மரத்து ருசி தம்பி. கண்ண மூடிட்டு சாப்பிட்டேன்."

இவர் ஒரு துண்டை வாயில் போட்டார். அன்று சாப்பிடாமல் படுத்தவரை மனைவி விசாரித்தபோது பல்வலி என்று சமாளித்தார்.

அதன்பிறகும் ஐந்து வருடம் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் டீச்சரம்மா போன் செய்தார். இரண்டு மகள்களும் வீடு கட்டியிருக்கிறார்களாம். அப்பாவின் மரத்திலிருந்து ஆளுக்கொரு கன்று வேண்டுமாம். இனி இவர் ஒரு பொய்யை இரண்டு வீட்டில் நட வேண்டும், அதுவும் தன் கையாலேயே.

கத்தியோடு டீச்சரம்மா வீட்டுக்குப் போனார். கிளையைப் பிடித்தார். கத்தியை மடக்கிப் பையில் போட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். வெயிலில் போட்டது, குச்சி காய்ந்தது, வேறு கன்றைக் கொடுத்தது.

டீச்சரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"காஞ்சு போச்சுன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

மரத்தை வெட்டியபின் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"மரம் இருக்கும்போதே தெரியும்மா. எட்டு நாள் இருந்துச்சு. நான்தான் வரல."

திட்டுவார் என்று காத்திருந்தார். நாலு அறை விட்டால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். டீச்சரம்மாவோ குழாயைத் திறந்து, வாளி நிறையும்வரை பார்த்திருந்து, தூக்கிவந்து மரத்தடியில் மெதுவாக ஊற்றினார்.

"இது என்ன பண்ணும், பாவம்" என்றார். "நீங்க கிளம்புங்க."