எதற்காக வள்ளம்

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தனியார் ரியூட்டரியில், வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கும் எங்களுக்குச் சனிக்கிழமைகளில் மெய்யியல் கற்பிப்பவர் கீர்த்தனி மிஸ். பழைய கிரேக்கத்தையும் மத்தியகாலக் கிறிஸ்தவச் சிந்தனையையும் கச்சான்கடலை உடைத்துக் கையில் தருவதுபோலத் தருவார். ஒரு பொருளை அறிய நாலு கேள்வி கேட்கவேண்டும் என்பது கிரேக்கர் கண்ட வழி: எதனால் ஆனது, என்ன வடிவம், யார் செய்தது, எதற்காக. மிஸ்ஸின் உதாரணம் எப்போதும் ஒன்றுதான், கணவர் இராகுலனின் மீன்பிடி வள்ளம். "எதுக்காக?" என்று கேட்டுவிட்டுத் தானே சொல்லுவார்: "போய்த் திரும்பி வாறதுக்கு."

மார்கழியில் அந்த வள்ளம் இறக்கக்கண்டிக் கரையில் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. இராகுலன் கிடைக்கவில்லை.

மிஸ் அழவில்லை. அடுத்த கிழமையே வகுப்புக்கு வந்தார். சேலை மடிப்புக்கூடக் குலையவில்லை. கல்நெஞ்சம் என்று சனம் கதைத்தது. சனத்துக்கு வேறு வேலை இல்லை.

எங்கள் பாலையூற்று மாதா கோயிலில் ஒரு வழக்கம். ஞாயிறு பூசையில் கடலுக்குப் போனவர்களுக்காகப் பெயர் சொல்லி மன்றாடுவோம், அதன்பிறகு மரித்தவர்களுக்காக. மாசி முடிந்தும் இராகுலனின் பெயர் முதல் மன்றாட்டிலேயே வந்தது. மனைவி சொன்னால்தான் மாற்றலாம். இராகுலனின் அண்ணன் சசிகரன் அதற்காக மிஸ்ஸின் வாசலுக்கு அலைந்தார். நான் பக்கத்து வீடு. மதிலுக்கு மேலால் எல்லாம் கேட்கும்.

"தங்கச்சி, அவன்ர ஆத்துமாவுக்கு ஒரு பூசை குடுக்க ஏலாமல் கிடக்கு. ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"பாப்பம், அத்தான்."

அந்த மனிதரில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் போனது அவருடைய தம்பியும்தானே.

பங்குனியில் பாடம் மத்தியகாலத்துக்கு வந்தது. தீமை என்று தனியாக ஒரு பொருள் இல்லை, இருக்கவேண்டிய நன்மை இல்லாமற்போவதுதான் தீமை என்று மிஸ் விளக்கினார்.

"கல்லுக்குப் பார்வை இல்லை. அதைக் குருடு எண்டு சொல்லுறமா? கண்ணுக்குப் பார்வை இருக்கவேணும். அது இல்லாமல் போனால்தான் குருடு." கரும்பலகைப் பக்கம் திரும்பினார். "எனக்கு இப்ப நோகவேணும். நோகுதில்லை."

எங்களுக்குச் சொன்னாரா, சுவருக்குச் சொன்னாரா, தெரியவில்லை. குரலில் ஒன்றுமே இல்லை.

பிறகு பழைய பாடத்தை மீட்டினோம். கிண்ணியாவிலிருந்து வரும் றஹ்மா எழுந்து நாலு கேள்வியையும் பதிலோடு மளமளவென்று ஒப்பித்தாள். கடைசிப் பதிலும் பழக்கத்தில் வந்துவிட்டது.

"போய்த் திரும்பி வாறதுக்கு, மிஸ்."

சொன்ன பிறகுதான் அவள் வாயைப் பொத்தினாள்.

"பிழை," என்றார் மிஸ். வெண்கட்டியை மேசையில் வைத்தார். "கடலுக்குப் போறதுக்கு. அவ்வளவுதான். திருத்தி எழுதுங்கோ."

திருத்தி எழுதினோம். வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று சசிகரனுக்குப் போன் எடுத்தார்.

"அத்தான், பேரை மாத்தச் சொல்லுங்கோ."

மறுநாள் பூசையில் எனக்குப் பக்கத்தில் நின்றார். முதலில் கடலுக்குப் போனவர்களின் பெயர்கள். பட்டியலில் கிருஷாந்த் என்ற பெயருக்குப் பிறகு எப்போதும் இராகுலன்தான். அன்று வாசித்தவர் கிருஷாந்த் என்றார்; அடுத்து வேறொரு பெயரைச் சொன்னார்.

மிஸ் என் கையைப் பிடித்தார். நகம் இறங்கியது.

"நோகுது," என்றார்.

மரித்தவர்களின் பெயர்கள் தொடங்குமுன்பே அவரை வாங்குப் பலகையில் இருத்தவேண்டியதாயிற்று.