எட்டு முறை கண்டெடுக்கப்பட்ட நாய்

யாங்கானிவா ஊராட்சி அளித்த பாராட்டுப் பத்திரத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "திருமதி ஹெல்வி குர்கேலா மென்மையான சுபாவமும் இனிய சொல்லும் உடையவர். சிறு வயது முதலே வாயில்லா ஜீவன்கள்பால் மாளாத அன்பு கொண்டவர். தாமாக முன்வந்து பொறுப்பேற்று, கூட்டங்களில் அனைவரையும் மனம்விட்டுப் பேசவைத்து, நமது பகுதியின் முதல் பிராணிகள் காப்பகத்தை எழுப்பியவர்."

இதில் உண்மை என்று சொல்லத்தக்கது பெயர் ஒன்றுதான். அதிலும் 'திருமதி' தவறு.

ஹெல்வி ஊராட்சியின் பனி தள்ளும் வண்டியை இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறவள். தனக்குப் பிடிக்காதவர்கள் வீட்டு வாசலில் தெருப்பனி முழுவதையும் குவித்துவிட்டுப் போவாள். பிடித்தவர்கள் வாசலில் பாதியைக் குவிப்பாள். அவளுடைய இனிய சொல்லைக் கேட்டவர்கள் எல்லாரும் காரைத் தெருவில் நிறுத்தியவர்கள்தான். நாய் பூனை விஷயத்தில் அவள் கொள்கை எளிமையானது: அவை வேறு எங்காவது இருக்க வேண்டும்.

அவை இருந்ததோ அவளுடைய ஷெட்டில். தொலைந்த பிராணி கிடைத்தால் பதினைந்து நாள் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்பது சட்டம். வைக்க இடம் இல்லை என்பது ஊராட்சியின் நிலைமை. பனி வண்டி நிற்கும் ஷெட்டில் ஹீட்டர் இருந்ததால் எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து விட்டார்கள். பதினைந்து நாளில் யாரும் கேட்டு வராவிட்டால் நான்கு மணி நேரம் தெற்கே, பட்டணத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே இடம் இருந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் ஊசி.

ஊருக்கென்று ஒரு காப்பகம் வேண்டும் என்று ஓர் அக்டோபர் மாலை பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் கூட்டம் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் கூட்டம் என்றால் ஒரு வழக்கம் உண்டு. வராதவர்தான் தலைவர். அதனாலேயே கூட்டங்கள் நிரம்பி வழியும். ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, "மறுப்பு உண்டா?" என்று செயலாளர் கேட்பார். மூன்று எண்ணும் நேரம் காத்திருப்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால் அடுத்த வேலை அவர் தலையில் விழும். மேசையில் சுத்தியலால் ஒரு தட்டு, முடிவாயிற்று. பாலம் கட்டியது இப்படித்தான். அதைத் தவறான இடத்தில் கட்டியதும் இப்படித்தான்.

அந்த மாலை ஹெல்வி வெளியே பள்ளிக்கூட முற்றத்தில் பனி தள்ளிக்கொண்டிருந்தாள். தான் தலைவியானதை மறுநாள் மளிகைக்கடை அறிவிப்புப் பலகையில் படித்தாள். நேரே செயலாளர் அல்போவின் வீட்டுக்குப் போனாள். அல்போ ஓய்வுபெற்ற எல்லைக் காவலர். மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை இரண்டு பக்கமும் படித்த பிறகே தலைவலிக்கு மாத்திரை போடுகிறவர்.

"யோவ் அல்போ, என்னய்யா இது?"

"மறுப்பு இருக்கான்னு கேட்டேன். உன் பக்கத்துலேர்ந்து ஒண்ணும் வரல."

"நான் வெளிய பனி தள்ளிட்டிருந்தேன்யா!"

"கேட்டுச்சு. எஞ்சின் சத்தத்த மறுப்புன்னு எழுத முடியாது."

"அப்ப ராஜினாமா பண்றேன்."

"தாராளமா. அடுத்த கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, அத வாயத் தொறந்து சொல்லணும்."

ஹெல்வி யோசித்தாள். இருபத்தாறு வருடத்தில் எந்தக் கூட்டத்திலும் அவள் வாய் திறந்ததில்லை. தவிர, காப்பகம் வந்தால் ஷெட் காலியாகும். தலைவியாகவே இருந்துவிட்டாள்.

அந்த இலையுதிர் காலம் முழுவதும் வாஃபிள் சுட்டு விற்றார்கள், காலுறை பின்னி விற்றார்கள், காலி பாட்டில்களைப் பொறுக்கிக் கடையில் காசுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் சேர்ந்த தொகைக்கு ஒரு கதவு வாங்கலாம். தள்ளுபடியில் ஒரு கதவு இருக்கிறது என்று அல்போ சொன்னார். மறுப்பு உண்டா என்றும் கேட்டார். ஆக, அன்று முதல் எங்கள் ஊரில் பிராணிகள் காப்பகத்தின் கதவு இருந்தது. நல்ல கதவு, நிலையோடு, இரட்டைக் கண்ணாடி போட்டது. அல்போவின் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றது. "காப்பகம் திறந்தாச்சா?" என்று யாராவது கிண்டலாகக் கேட்டால் ஹெல்வி, "இல்ல, பூட்டியிருக்கு" என்பாள். பொய்யில்லை.

ஜனவரியில் அந்த நாய் வந்தது. பனிமான் மேய்க்கும் ஜாதி, கறுப்பு நிறம். ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கியிருக்கும். மானைக் கண்டால் பயம் என்பதால் வேலையிலிருந்து நீக்கப்பட்டது என்று கேள்வி. ஷெட்டில் எத்தனையோ மூலை இருக்க, அது பனி வண்டிக்குள் ஏறி ஓட்டுநர் இருக்கையில்தான் படுக்கும்.

"எந்திரி! அது என் சீட்டு" என்பாள் ஹெல்வி, தினமும் காலை நான்கு மணிக்கு.

நாய் கொஞ்சம் ஆலோசிக்கும். பிறகு எழுந்திருக்காமலே பக்கத்து இருக்கைக்கு நகரும். வழியெல்லாம், தான் ஓட்டியிருந்தால் இன்னும் நன்றாக ஓட்டியிருப்பேன் என்ற பாவனையில் சாலையைப் பார்த்துக்கொண்டு வரும். அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் பிறகு விடாது என்பது அவள் கணிப்பு.

பதினைந்தாம் நாள் வந்தது. ஹெல்வி பதிவேட்டைத் திறந்து, அன்றைய தேதி போட்டு எழுதினாள்: "கறுப்பு ஆண் நாய், ஒரு காது மடங்கியது, ஷெட் அருகே கண்டெடுக்கப்பட்டது." அடுத்த பதினைந்தாம் நாளும் கண்டெடுத்தாள். மார்ச்சில் அல்போ பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"ஹெல்வி, இந்த நாய் ஒரே ஷெட்டுல அஞ்சு தடவ தொலஞ்சு கெடச்சிருக்கு."

"ஞாபகமறதி நாயி. அதுக்கு நான் என்ன பண்ண?"

"உனக்கு அது மேல பிரியம்னு குறிச்சுக்கட்டுமா?"

"குறிச்சுப் பாரு. ஜூன் வரைக்கும் உன் வாசல் பனி உருகாது."

அல்போ குறிக்கவில்லை.

அந்த மார்ச்சில்தான் பெரிய யோசனை பிறந்தது. குளிரில் உறைந்த ஆற்றுப் பனி எந்த நாள், எந்த நிமிடம் உடைந்து கிளம்பும் என்று பந்தயம் கட்டுவது இந்த ஆற்றின் இரு கரையிலும் உள்ள பழக்கம். அதையே சீட்டுப் போட்டு விற்கலாம்: ஆற்றின் நடுவே ஒரு பொருளை வைப்பது, அதிலிருந்து ஒரு கயிறு கரையிலுள்ள கடிகாரத்துக்கு. பனியோடு பொருள் நகர்ந்தால் கயிறு இழுபட்டுக் கடிகாரம் நிற்கும். அந்த நிமிடத்தைச் சரியாகச் சொன்னவருக்குப் பாதி, காப்பகத்துக்குப் பாதி. அல்போ பீப்பாய் வைக்கலாம் என்றார். ஹெல்வி ஒரு நாய்க்கூண்டு செய்து, சறுக்குக் கட்டை பொருத்தி, சிவப்புச் சாயம் அடித்தாள். உள்ளே அடிப்பலகை காற்றில் தடதடக்கிறது என்று தன் பழைய வேலைச் சட்டையைத் திணித்தாள். நாய் எல்லாவற்றையும் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அல்போ இருபத்துமூன்று விதிகள் எழுதினார். பதினாலாவது: மனிதர் யாராவது கூண்டைத் தொட்டால் ஆட்டம் ரத்து, கேட்பவருக்கெல்லாம் பணம் திருப்பித் தரப்படும். முன்னொரு வருடம் ஒருவர் பீப்பாய்க்குக் கொஞ்சம் 'உதவி' செய்ததன் நினைவாக எழுதியது. சீட்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. ஆறுதான் நாட்டு எல்லை, அக்கரை ஸ்வீடன்காரர்களும் வாங்கினார்கள். பெங்க்ட் என்பவர் மட்டும் அறுபது சீட்டு. நான்கு சுவரும் கூரையும் எழும்பும் அளவுக்குச் சேர்ந்தது. கதவுதான் ஏற்கெனவே இருக்கிறதே.

மே எட்டாம் தேதி ஹெல்வி நாயை எட்டாவது முறையாகக் கண்டெடுத்தாள். ஒன்பதாம் தேதி அதை நிஜமாகவே காணோம்.

"தொல்ல விட்டுச்சு" என்றாள். அதன் பிறகு பனி தள்ளும் வண்டி இரண்டு நாளில் ஊரை ஆறு முறை சுற்றியதை எல்லாரும் பார்த்தார்கள். தள்ளுவதற்குப் பனி இல்லை.

பதினொன்றாம் தேதி மதியம் கரையில் ஊரே கூடியிருந்தது. மடக்கு நாற்காலிகள், காபி பிளாஸ்க்குகள், நெருப்பில் சாஸேஜ். ஆற்றுப் பனி கறுத்து, எந்த நேரமும் உடையலாம் என்பதுபோல அடியிலிருந்து முனகிக்கொண்டிருந்தது. கடிகாரத்தை இருமுறை துடைத்துவிட்டு அல்போ தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார்.

"கூண்டுக்குள்ள காது தெரியுது."

"எத்தன காது?" என்றாள் ஹெல்வி.

"ரெண்டு. ஒண்ணு நிக்குது. ஒண்ணு மடங்கியிருக்கு."

கரையிலிருந்தவர்கள் சாஸேஜைத் தூக்கிக் காட்டினார்கள். முஸ்தி, ரெக்கு, ஹல்லி என்று இந்த ஊரில் நாய்க்கு வைத்த எல்லாப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூண்டு அசையவில்லை. கடைசியில் ஹெல்வி இரு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள்:

"எந்திரி! அது என் சீட்டு!"

நாய் தலையைத் தூக்கியது. கொஞ்சம் ஆலோசித்தது. பிறகு கூண்டுக்குள் ஒரு பக்கமாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டது.

ஹெல்வி அல்போவின் கொட்டகை இருந்த பக்கம் திரும்பினாள். அவர் குறுக்கே வந்தார்.

"ஹெல்வி, பதினாலாவது விதி."

"தெரியும். நாலு தடவ படிச்சுக் காட்டின."

"தொட்டா எல்லாம் ரத்து. காப்பகம் அதோட போச்சு. இந்த ஒரு நாய்க்காக, வரப்போற அத்தன நாய்ங்களோட..."

"கணக்கு எனக்கும் தெரியும்யா. ஏணியக் குடு."

அல்போ ஏணியைக் கொடுத்தார். கொடுத்ததைக் குறித்துக்கொண்டார்.

பாரம் ஓரிடத்தில் விழாதபடி ஏணியைப் பனிமேல் படுக்கப்போட்டு, அதன் மேல் குப்புறக் கிடந்து, தள்ளித் தள்ளிப் போனாள். எழுபது மீட்டரும் நாயைத் திட்டிக்கொண்டே போனாள். கரையில் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. அதில் அச்சில் ஏற்றக்கூடியது "வாடா" என்ற ஒரு சொல்தான். நாய் வரவில்லை. பழைய சட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனவே கூண்டையே கட்டி இழுத்தாள். கூண்டு ஒரு பக்கமாகத் திரும்பியதில் கடிகாரக் கயிறு இழுபட்டது. கடிகாரம் இரண்டு பதினேழில் நின்றது. கரைக்குப் பத்தடி இருக்கும்போது அவள் இடது கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று. கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.

கரையேறியதும் நாய் தானாக இறங்கி நேரே சாஸேஜ் இருந்த இடத்துக்குப் போயிற்று.

ஆற்றுப் பனி அன்று உடையவில்லை. மறுநாளும் இல்லை. நான்கு நாள் கழித்து, ஒருவரும் பார்க்காத ஒரு காலை நேரத்தில் சாவகாசமாகக் கிளம்பிப் போயிற்று. கொஞ்சம் பொறுத்திருந்தால் நாய் பசித்துத் தானே வந்திருக்கும் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். ஹெல்விக்கும் அது தெரிந்தது. அதனால் அதைப் பற்றி அவளிடம் யாரும் பேசவில்லை. இடது காலில் புது பூட்ஸ் போட்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சாப்பாட்டு அறையில் நிற்க இடமில்லை. அக்கரைக்காரர்களும் வந்திருந்தார்கள், பெங்க்ட் முன்வரிசையில். அல்போ பதினாலாவது விதியைப் படித்தார்.

"பணம் திருப்பி வேணும்னு கேக்கறவங்க இப்பக் கேக்கலாம்."

ஹெல்வி மேசை ஓரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒருவர் கேட்டால் போதும், அடுத்தவர் கேட்பார், பிறகு வரிசை கட்டுவார்கள். மறுபடி வாஃபிள், மறுபடி காலுறை, மறுபடி பதினைந்தாம் நாள்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒன்று எண்ணியாயிற்று. எங்கோ ஒரு நாற்காலி முனகியது. இரண்டு எண்ணியாயிற்று. அப்போது பெங்க்ட் கை தூக்கினார். அக்கரைக்காரர்கள் எதையும் பேசித் தீர்க்கிறவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். அறுபது சீட்டு வாங்கியவர் வேறு. ஹெல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றார் அல்போ.

"காபி இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"அப்பச் சரி."

அல்போ சுத்தியலால் தட்டினார். 'காபி இருந்தது' என்று நடவடிக்கைக் குறிப்பில் இன்றும் இருக்கிறது. ஜெயித்தவர் என்று யாரும் இல்லாததால் காப்பகத்துக்குப் பாதிக்குப் பதில் முழுத்தொகையும் வந்தது. அத்தனை பேரும் மனதாரக் கொடுத்தார்களா, முதல் ஆளாக எழுந்து கேட்கக் கூச்சப்பட்டார்களா என்பது ஹெல்விக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்வதென்றால் வாய் திறக்க வேண்டும்.

செப்டம்பரில் கட்டடம் எழும்பியது. கதவு அளவுக்குச் சுவரில் இடம் விடாமல் கட்டியிருந்தார்கள், இடித்துப் பொருத்தினார்கள். பூனைகளும் முயலும் ஷெட்டைவிட்டுப் போயின. நாய் போகவில்லை. புதுக் காப்பகத்தின் விதிப்படி அது தொலைந்த பிராணி அல்ல என்று அல்போ தீர்ப்புச் சொன்னார்: எட்டு முறையும் ஒரே ஆளிடம்தான் கிடைத்திருக்கிறது.

பாராட்டுப் பத்திரம் எழுதியது ஊராட்சி அலுவலகத்தின் கைசா. தெற்கிலிருந்து புதிதாக வந்த பெண். எழுதுவதற்கு முன் ஹெல்விக்கு போன் செய்து கேட்டாள்.

"பிராணிங்கன்னா உங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்தே பிரியம், இல்லீங்களாக்கா?"

"இல்ல."

"ஐயோ, ரொம்ப அடக்கம் உங்களுக்கு! சரி, இந்தப் பொறுப்ப எடுத்துக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"தோணல. ஏம்மா, ஊராட்சி ஆபீஸ் முன்னாடி தெருவுல நிக்குற பச்சைக் காரு உன்னுதா?"

கைசாவினுடையதுதான். அந்தக் குளிர்காலத்தில் அதை மூன்று முறை தோண்டி எடுத்தாள்.

பத்திரம் ஷெட்டில் ஹீட்டருக்கு மேலே தொங்குகிறது, ஒரு மூலை கருகி. அதில் எழுதாமல் விட்டது இதுதான்: மே பதினொன்றாம் தேதி மதியம், ஹெல்வி குர்கேலா ஆற்றுப் பனியின் மேல் எழுபது மீட்டர் குப்புறத் தவழ்ந்து போய், ஒரு நாய்க்கூண்டை நாயோடு கரைக்கு இழுத்து வந்தாள்.