இருநூற்றுப் பதினாலாம் தகட்டுக்காரி

கடல் கடந்து வந்து சிராங்கூன் சாலையில் கல் பரப்பிய தமிழ்ப் பெண்களில் முத்தாயியின் வாய்தான் பெரிய வாய். அவள் ஓர் அதட்டு அதட்டினால் வண்டிக்காரனோடு மாடும் நின்றுவிடும். அப்பேர்ப்பட்டவளையே 1913ஆம் வருஷம் ஒரு காகிதம் அழ வைத்துவிட்டது.

கல் ஏற்றி வந்த வண்டியொன்று சரிவில் பின்னுக்கு உருண்டது. குனிந்து வேலை செய்துகொண்டிருந்த முத்தாயியின் இடது கை சக்கரத்தின் அடியில் மாட்டி நசுங்கியது. ஆஸ்பத்திரியில் கட்டைவிரலையும் பக்கத்து இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். வேலையில் ஊனமானவர்களுக்குச் சர்க்கார் மாதாமாதம் உதவிப்பணம் தருகிறது என்று கேள்விப்பட்டு, கோர்ட்டு வாசலில் மனு எழுதும் ஒலி முகம்மது மரைக்காயரைப் பிடித்து மனுப் போட்டாள். பதில் வந்தது. மரைக்காயர் படித்துச் சொன்னார்.

"நீ மாட்டுற இருநூத்திப் பதினாலாம் நம்பர் தகடு பூவம்மாங்கிற பேர்ல இருக்காம். அந்தப் பூவம்மா நாலு வருசத்துக்கு முந்தியே கப்பலேறி நாகப்பட்டினம் போயிட்டாளாம். முத்தாயின்னு யாரும் எங்ககிட்ட வேலை பார்க்கலைங்கிறான். மனு தள்ளுபடி, தங்கச்சி."

முத்தாயி எழுந்து நின்று கத்தினாள். "அடப் பாவிகளா! அப்ப நாலு வருசமா அந்த வெயில்ல முதுகு ஒடிஞ்சது பேயா, பிசாசா?"

பேயுமில்லை, பிசாசுமில்லை. கூலிகளை மேய்த்த மண்டோர் வைரக்கண்ணுவின் கைவேலை அது. அந்தக் காலத்துக் கூலிகளுக்குள் இது சகஜம். ஒருத்தி ஊருக்குப் போனால் அவளுடைய எண் போட்ட தகரத் தகட்டை அடுத்தவள் மாட்டிக்கொள்வாள். பேர் மாற்ற ஆபீசுக்கு யார் அலைவது? "பூவம்மான்னு கூப்பிட்டா ஏன்னு கேளு, அது போதும்" என்றார் மண்டோர். அவளும் நாலு வருஷம் ஏன் என்று கேட்டாள். இப்போது தன் வேலைக்கு ஆபத்து என்றதும், "இந்தப் பொம்பளையை நான் பார்த்ததே இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார் அந்த மகானுபாவர். அவர் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவளே முத்தாயிதான். நன்றி கெட்ட ஜென்மம்!

பணம் கிடைக்காவிட்டால் கதை அதோடு முடிந்துவிடாது. பிழைக்க வழியில்லாத ஊனக் கூலியைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் இருப்பது அவளை அடித்து விரட்டிய புருஷனும் அவன் சேர்த்துக்கொண்டவளும்.

"அந்த வாசல்ல மொண்டிக் கையோட போய் நிக்கணுமா? கடல்ல குதிச்சாலும் குதிப்பேன், அங்க போகமாட்டேன்" என்று சொல்லி மரைக்காயர் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவள் அழுது அன்றுதான் அவர் பார்த்தார். கூலி வாங்காமலே இன்னொரு மனு எழுதினார். நேரில் விசாரித்துவிட்டுத் தள்ளுபடி செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மனுவைத் தீர்மானிக்கும் வெள்ளைக்காரத் துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். கூலிக் கணக்கு எழுதும் கிராணி ஐந்து வருஷத்துக் கூலிப் பட்டியல்களையும் மைப்பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார். மண்டோர் மூலையில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரை பேசியதை மரைக்காயர் தமிழில் சொன்னார்.

"கூலி வாங்கறப்பல்லாம் பட்டியல்ல கைநாட்டு வைப்பாங்கல்ல, அது உன்னுதான்னு பார்க்கணுமாம். இடது கட்டைவிரலை..." என்று ஆரம்பித்தவர் அவளுடைய கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்.

இடது கட்டைவிரலுக்கு அவள் எங்கே போவாள்? கிராணி வாய்க்குள் சிரித்தார். மண்டோர் முகத்தில் தெம்பு திரும்பியது.

முத்தாயிக்கோ ஒன்றும் விளங்கவில்லை. "இடது கையா? அது எதுக்கு?"

"இடது விரல்தானே வாங்கணும், அதுதானே ரூலு. அதைத்தான் வாங்கியிருக்கேன்" என்றார் கிராணி.

"சீச்சீ!" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உழைச்ச கூலிக்கு யாராச்சும் பீச்சாங்கையை நீட்டுவாங்களாய்யா? லட்சுமி வர்ற நேரத்துல? நீ என்னைக்குத் தலையை நிமிர்த்திப் பார்த்தே? நாங்க அத்தனை பொம்பளைங்களும் வலது கையைத்தான் வெச்சோம். கேட்டுப் பாரு, வெளியில நிக்கிறாளுங்க!"

மரைக்காயர் இதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, துரையின் புருவம் ஏறியது. மைப்பெட்டியை அவரே நகர்த்தி வைத்தார். முத்தாயி வலது கட்டைவிரலை மையில் தோய்த்து நச்சென்று ஊன்றி எடுத்தாள். சின்ன வயதில் அரிவாள் பட்ட தழும்பு அந்த ரேகையின் நடுவே வெள்ளைக் கோடாகக் குறுக்கே விழுந்தது.

துரை பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பட்டியல்களைப் புரட்டினார். போன மாதம், அதே கோடு. போன வருஷம், அதே கோடு. பூவம்மா கப்பலேறிய மறுமாதம் வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் முத்தாயியின் தழும்புதான் இருந்தது. அதற்கு முந்திய தாள்களில் கோடில்லாத வேறு விரல். அடேயப்பா, எந்த வக்கீல் வாதாடியிருப்பான் இப்படி!

துரை மூலையைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மண்டோர் கைகூப்பி, அழுது, எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

"உதவிப்பணம் உண்டு, தங்கச்சி! ஆயுசுக்கும் உண்டு! கப்பலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!" மரைக்காயருக்குக் கண் கலங்கியது. கிராணி உத்தரவுத் தாளை எடுத்து, ஏட்டில் இருக்கிறபடி பூவம்மா என்றே எழுதிவிடலாமா என்று கேட்டார்.

"நிறுத்து" என்றாள் முத்தாயி.

"வேணாம் தங்கச்சி, கிடைச்சதை வாங்கிட்டு வா. மறுபடி கெடுத்துக்காதே" என்று மரைக்காயர் அவள் காதருகே கெஞ்சினார்.

அவள் கட்டுப்போட்ட கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். "நசுங்கினது பூவம்மா கையில்ல. முத்தாயின்னு எழுதச் சொல்லுங்க. இல்லேன்னா எனக்கு வேணாம்."

மரைக்காயர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். துரை அந்தக் கையைப் பார்த்தார். கிராணியிடமிருந்து பேனாவை வாங்கி, தானே எழுதினார். எழுதியதை மரைக்காயரிடம் எழுத்தெழுத்தாகச் சொல்லி, சரிதானா என்று கேட்டார்.

முத்தாயி வெளியே ஓடினாள். வாசலில் காத்திருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"குடுத்துட்டான்டி!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "என் பேருக்கே குடுத்துட்டான்!"