புகுந்த பாறையின் வயது

எனக்குக் கோபம் வந்தால் குரல் தானாக ஏறிவிடும். அன்றைக்கு என் ஆய்வு வழிகாட்டியிடமே ஏறியது. சங்கரன்கோவிலில் என் மாமியார் வீட்டு முன்னறையில் நின்று கைபேசியில் கத்திக்கொண்டிருந்தேன். சிவகிரிப் பக்கம் மலையடிவாரத்தில் நான் பார்த்த இளஞ்சிவப்புக் கிரானைட்டும், அதைச் சுற்றியிருக்கும் பழைய வரிப்பாறையும் ஒரே வயது என்று எழுதிவிடச் சொன்னார் அவர்.

"முடியாது சார். புகுந்தது வேற, பழசு வேற. பழசைப் பிளந்துக்கிட்டுதான் இது உள்ள வந்திருக்கு. ரெண்டையும் ஒண்ணாச் சேக்க நான் சம்மதிக்க மாட்டேன்!"

"அப்போ ரெண்டும் தொடுற இடத்துல ஒரு துண்டு உடைச்சுக் கொண்டாங்க. திங்கக்கிழமை ஆய்வுக்கூடத்துக்குப் போகுது. இல்லேன்னா நான் சொன்னதுதான்."

திரும்பினால், கதவருகில் அத்தை. முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏட்டி, யாரைப் பிளக்கப் போற? புகுந்த வீட்டைப் பத்தி ஊரான்கிட்ட இப்படியா பேசுவ?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதுவே வினையாயிற்று. மலைத்தொடர் எழும்பும் காலத்தில் பூமிக்கடியில் உருகிய குழம்பு, பழைய பாறையின் விரிசலில் புகுந்து, வெளியே வராமல் அங்கேயே மெல்ல ஆறி இறுகுவதுதான் கிரானைட் என்று விளக்கினேன். அதற்குள் விளைந்த சிர்க்கான் என்ற கனிம மணிகளை வைத்து வயது பார்ப்போம், கோடிக்கணக்கான வருஷம் வரும், சனிக்கிழமை மலைக்குப் போய் ஒரு துண்டு உடைத்து வரவேண்டும் என்றேன். அத்தை நம்பவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா தலையை நிமிர்த்தினார்.

"பாறையோ என்னமோ. சனிக்கிழமை வீட்டுல ஜெபக்கூட்டம். மலைக்கெல்லாம் போவாண்டாம், சொல்லுதேன். புகுந்த வீட்டுக்கு அடங்கி இருக்கப் பாரு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை.

"புகுந்தது எங்க அடங்கியிருக்கு, மாமா? பக்கத்துல கிடந்த பழைய பாறையைச் சுட்டு, நிறத்தையே மாத்தியிருக்கு!" என்றேன். அப்படிச் சொன்னதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் சிவகிரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். அடிவாரத்தில் நான் தேடிய இடம் பளிச்சென்று தெரிந்தது. கறுப்பும் வெள்ளையுமான வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இளஞ்சிவப்பு ஓடியது. அதற்குள்ளே வரிப்பாறையின் சில்லு ஒன்று சிக்கிக் கிடந்தது. பழசு முன்னமே கல்லாக இருந்தால்தானே அதன் சில்லு இதற்குள் மாட்டும்? ஒரே வயதாம், மண்ணாங்கட்டி! சுத்தியலை ஓங்கி அடித்தேன். கை காந்தியதே தவிர, கல் அசையவில்லை. அப்போது கைபேசியில் அத்தை கூப்பிட்டார்.

"எங்கட்டி இருக்க?"

"மலையடிவாரத்துல, அத்தை."

"யாரைக் கேட்டுப் போன?"

"யாரையும் கேக்கல."

அந்தப் பக்கம் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. நடுவே மாமாவின் குரல்: "இப்பவே கிளம்பி வரச் சொல்லு."

"கல்லு உடைஞ்ச பெறவு வாரேன்னு சொல்லுங்க" என்று கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, சுத்தியலை மறுபடி ஓங்கினேன்.