மெம்பர் வாழ்த்திய மணப்பெண்

1. கவுண்டரில் ஒரு தாய்

“எம் பையனுக்கு யாரக் கேட்டு மிஸ் கல்யாணம் பண்ணி வச்சீங்க?”

பிளேன்டீயை வாயில் வைப்பதற்குள் இந்தக் கேள்வி வந்து விழுந்தது. கேட்டவர் மேல்தோட்டத்து லெட்சுமி அக்கா. கொழுந்து எடுக்கப் போகிற நேரத்தில் நல்ல சேலை கட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்திருந்தார் என்றால் விஷயம் சாதாரணமாக இருக்காது.

எங்கள் பிரதேச சபையில் மெம்பர்மாரின் நடத்தை பற்றி வரும் முறைப்பாடுகளைப் பதிவது என் வேலை. தமிழில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், தோட்டத்து லயக் குடியிருப்புகளின் வழக்கெல்லாம் என் மேசைக்கே வந்து சேரும். முன்பு தெருவிளக்கு, குப்பை, பாதை என்று வரும். இப்போது பாதிக்கு மேல் ஃபேஸ்புக். ஒரு மெம்பர் போட்ட படத்துக்கு இன்னொரு மெம்பர் சிரித்த முகம் போட்டுவிட்டார் என்றுகூட எழுதி வாங்கியிருக்கிறேன். இனி இந்தக் கதிரைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

லெட்சுமி அக்கா போனை நீட்டினார். டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நஸார் மெம்பரின் பக்கம் அது. வாழைமரப் பந்தல். பட்டு வேட்டி, தலைப்பாகை, மாலையோடு அக்காவின் மகன் கஜன். பக்கத்தில் சிவப்புப் பட்டுச் சேலையில் தலைகுனிந்த ஒரு பெண். நடுவில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் நஸார் மெம்பர். கீழே சிங்களத்தில், ‘நமது வட்டாரத்தின் புதுமணத் தம்பதிகள் நூறாண்டு வாழ்க.’

எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மேல்தோட்டத்தில் அப்போது காமன் கூத்து. கஜன்தான் மதன். ரதி வேஷம் டீ பெக்டரியில் வேலை செய்யும் லோகேஸ். எங்கள் பக்கம் ரதி வேஷத்தை எப்போதும் ஆம்பளைதான் கட்டுவான். கல்யாணக் கட்டத்தில் வேட்டி, தலைப்பாகைதான். கிரீடமும் கரும்பு வில்லும் அதற்குப் பிறகு. நூறாண்டு வாழ்க என்று மெம்பர் வாழ்த்திய அந்த மாப்பிள்ளையைக் கொஞ்ச நேரத்தில் சிவபெருமான் எரித்துச் சாம்பலாக்கிவிட்டார் என்பது மெம்பருக்குத் தெரியாது. தலையைக் காட்டிவிட்டு, படத்தையும் எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார்.

“சிரிக்காதீங்க மிஸ்,” என்றார் லெட்சுமி அக்கா. அவர் கண் கலங்கியிருந்தது. “ருவான்வெல்லப் பக்கம் ரப்பர் தோட்டத்துல பொண்ணு பேசி வெத்தல மாத்தியாச்சு. வைகாசில கல்யாணம். பொண்ணோட தாய்மாமன் கொழும்புலயே வளந்தவரு, இதப் பாத்துட்டாரு. ஞாயித்துக்கெழம தட்டத் திருப்பிக் கொண்டாந்து வைக்கிறேன்னு சொல்லிட்டாரு.”

“கூத்துன்னு சொல்லலையா?”

“சொன்னேனே! கூத்தடிக்கிற மாப்பிள்ள எங்களுக்கு வேணாம்னு வச்சிட்டாரு. பையன்கிட்டப் பேசணுமாம். அவன் காப்புக் கட்டியிருக்கானே மிஸ், எரிஞ்ச காமன எழுப்புற வரைக்கும் போனத் தொட முடியுமா? பந்தல்ல அவன் போன எடுத்த ஆளுகிட்டக் கேட்டிருக்காரு. ஆமாங்க, நேத்தே தாலி கட்டியாச்சுன்னு அந்தப் பாவி சொல்லித் தொலைச்சிருக்கான்!”

அந்த ஆளையும் குறை சொல்ல முடியாது. காப்புக் கட்டினவனைக் கூத்து முடியும்வரை சொந்தப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கஜனுக்குக் கல்யாணமா என்று கேட்டாலும் மதனைக் கேட்பதாக நினைத்து, ஆமாம், ஆகிவிட்டது என்றுதான் எவனும் சொல்வான். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு பெண்பிள்ளையின் மனசும் ஒரு தாயின் மானமும் இதில் மாட்டிக்கொண்டிருந்தன.

2. மெம்பரின் சாட்சியம்

நஸார் மெம்பரைக் கூப்பிட்டேன். கடையைப் பூட்டாமலே ஓடி வந்தார். முதல் தடவை வென்றவர். முறைப்பாடு என்ற சொல்லைக் கேட்டதுமே கைக்குட்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

“மெய்யான கலியாணம் எண்டுதானே மிஸ் நெனச்ச! வெத்தல வச்சிக் கூப்பிட்டாங்க. பந்தல் போட்டு ஈந்திச்சி. தாலி கட்டினத என்ட கண்ணால பாத்த. ரைஸ் குக்கர் ஒண்டும் குடுத்துட்டு வந்த!”

“பொண்ணு மொகத்தப் பாக்கலையா மெம்பர்?”

“அடுத்தவன்ட பொண்டாட்டிய உத்துப் பாக்கிறதா? அந்தப் புள்ள வெக்கத்தில தல குனிஞ்சி நிண்ட. நானும் மரியாதயாக் கண்ணத் திருப்பின.”

எங்கள் செயலாளர் சிங்களவர். ஆனால் தோட்டத்துத் தமிழ் நன்றாகவே விளங்கும். ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். சிரித்து முடித்ததும் உத்தியோக முகம் வந்துவிட்டது. “மக்கன்ன கியன்ன, மிஸ்,” என்றார். அழிக்கச் சொல்லுங்கள், அதோடு விஷயம் முடிந்தது.

“அழிச்சா முடியாது சேர்,” என்று நான் வாயைத் திறப்பதற்குள் மெம்பரின் விரல் வேலையை முடித்துவிட்டது. பயந்த மனுஷனுக்கு விரல்தான் முந்தும்.

பின்னேரமே லெட்சுமி அக்கா போனில் கூப்பிட்டார். தாய்மாமன் படத்தை முன்கூட்டியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாராம். உண்மை இல்லையென்றால் எதற்கு அழித்தார்கள் என்று அதையும் சேர்த்து இப்போது சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினது போல் ஆகிவிட்டது.

3. ஹாட்வெயார் கடை லைவ்

மறுநாள் செயலாளரிடம் நேராகச் சொன்னேன். சபைக்குக் கல்யாணம் பேசும் வேலை இல்லை. ஆனால் பிழையான செய்தி போட்டவர், அதே பக்கத்தில், அதே மொழியில், தன் வாயாலேயே திருத்த வேண்டும். தமிழிலும் சொல்ல வேண்டும். மெம்பர்மாருக்கு ஒழுக்கக் கோவை இருப்பதே இதற்குத்தான். செயலாளர் மறுக்கவில்லை. “யாரப் பக்கத்துல வச்சிச் சொல்லுறது? மதனயா, ரதியயா?” என்று மட்டும் கேட்டார்.

காமனை எழுப்பிக் காப்பும் அவிழ்த்த பிறகு, சனிக்கிழமை, நஸார் மெம்பரின் கடையில், பெண் வீட்டாருக்கும் நேரம் சொல்லிவிட்டு, லைவ் போட்டார்கள். பின்னால் பெயின்ட் டின். முன்னால் மெம்பர். ஒரு பக்கம் கஜன், மறு பக்கம் பெக்டரி சேர்ட்டும் சாரமுமாக லோகேஸ். நானும் லெட்சுமி அக்காவும் சீமெந்து மூட்டைக்குப் பக்கத்தில் நின்று அக்காவின் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் உடையும் போலிருந்தது.

மெம்பர் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார். “இவருதான் நான் வாழ்த்தின மணப்பொண்ணு. பேரு லோகேஸ். ரெண்டு புள்ளைக்கி வாப்பா. இது கூத்து. எனக்கு வெளங்காமப் போட்ட. கஜன் தம்பிட மேல ஒரு பிழையும் இல்ல.”

லோகேஸ் கும்பிட்டான். “வணக்கங்க. மீச இப்பதான் மொளைக்குது, கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

சிரித்த முகங்கள் சரம் சரமாக ஏறின. நடுவில் தாய்மாமன் எழுதினார். ‘எந்த ஆம்பளையையும் உக்கார வச்சு இப்படிச் சொல்லலாம். நம்ப மாட்டேன்.’

லோகேஸ் எழும்பினான். பையிலிருந்து அந்தச் சிவப்புச் சேலையை எடுத்துச் சாரத்துக்கு மேலேயே சுற்றினான். கண் மூடித் திறப்பதற்குள் கொசுவம் மடித்துச் செருகி, தலைப்பைத் தோளில் போட்டு, தலையைக் குனிந்து நின்றான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் லோகேஸ் இல்லை. ரதிதான் நின்றாள். மெம்பர் பழக்கதோஷத்தில் கண்ணைத் திருப்பிக்கொண்டார்!

அப்போதுதான் தர்ஷினி என்ற பேரில் ஒரு வரி வந்தது. கஜனுக்குப் பேசிய பெண். அதுவரை பெரியவர்கள் ஆளுக்கொன்று பேசினார்களே ஒழிய, அந்தப் பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

‘மாமா, போதும். அதே ஆளுதான். தட்டு இங்கேயே இருக்கட்டும். ரதி அண்ணே, கொசுவம் இவ்வளவு அழகா எப்படிப் பிடிக்கிறீங்க? என் கல்யாணத்துக்கு நீங்கதான் கட்டிவிடணும்.’

லெட்சுமி அக்கா அழுதார், சிரித்தார், என்னைக் கட்டிப்பிடித்தார், பிறகு மெம்பரைப் பிடித்து நன்றாக ஏசினார். கஜன் போனை வாங்கி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் எந்தச் சம்பள உயர்வுக்கும் வந்ததில்லை.

4. வைகாசி

கல்யாணத்துக்கு நானும் போனேன். மணப்பெண்ணின் கொசுவம் விசிறி மடிப்பாக நின்றது. யார் மடித்துக் கொடுத்தது என்று கேட்கத் தேவையில்லை. “ஒனக்குச் சந்தேகமே வரலியா?” என்று தர்ஷினியின் காதோடு கேட்டேன்.

“வந்துச்சு மிஸ். ரெண்டு நாள் அழுதேன். அந்தப் பொண்ணு என்னவிட அழகா இருக்காளேன்னுதான் கூடுதலா அழுதேன்.”

நஸார் மெம்பரும் வந்திருந்தார், இன்னொரு ரைஸ் குக்கரோடு. முதல் குக்கரை லோகேஸ் துடைத்துக் கொண்டு வந்து நீட்டினான். “அது ரதிக்கிக் குடுத்த. ரதிட வீட்டிலயே ஈக்கட்டும்,” என்று மெம்பர் வாங்க மறுத்துவிட்டார். படம் எடுத்த பிறகு, போனை மணப்பெண்ணின் முன்னால் பிடித்துக்கொண்டு, “போடவா மகள்?” என்று கேட்டார்.

“ரதி அண்ணே இல்லாமப் போடாதீங்க,” என்றாள் அவள். மறுபடியும் எடுத்தார்கள்.

பிள்ளைகளே, இந்த வேலையில் நான் படித்தது இவ்வளவுதான். படத்தைப் போடுவதற்கு முன்னால் படத்தில் நிற்பவரைக் கேட்கச் சொல்லுங்கள். பிழை நடந்தால் அழித்துவிட்டு ஒளிய விடாதீர்கள். போட்ட இடத்திலேயே நின்று திருத்தச் சொல்லுங்கள்.

அந்தப் படத்தை மெம்பர் இரண்டு மொழியிலும் போட்டார். எழுதியதை எனக்குக் காட்டிவிட்டுத்தான் போட்டார். ‘மணமகன் கஜன். மணமகள் தர்ஷினி. நடுவில் மீசையோடு நிற்பவர் மணமகள் அல்ல.’

அதற்கு இன்றுவரை ஒரு முறைப்பாடும் வரவில்லை.